பீரோவுக்குள் அடிக்கிற மணி

ஆனையூர்,
3.5.2025

ஸ்வப்னா அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கவில்லை. ‘அக்கா’ என்றும் எழுதவில்லை. போன மாதம் 24ஆம் தேதியிலிருந்து இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு அனுமதி இல்லை. நம் சௌராஷ்டிர பாஷையை எழுத நமக்கு எழுத்து தெரியாது. ஆகவே தமிழிலேயே சண்டை போடுகிறேன்.

கிளை நூலகத்துத் தமிழ்வாணி மேடம் இதைக் கொண்டுவருவார்கள். அவர்கள் வீடு ஒத்தக்கடையில் உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. உங்களைக் காய்கறிக் கடையில் பார்த்ததாகச் சொன்னார்கள். கத்தரிக்காயைப் பொறுக்காமல் அப்படியே அள்ளிப் போட்டீர்களாம். அதைக் கேட்டதும் ஆள் நீங்கள்தான் என்று தெரிந்துகொண்டேன். பதிலையும் அவர்களிடமே கொடுங்கள். தபாலில் வந்தால் அப்பா பிரிப்பார். வீட்டுப் போனில் உங்கள் நம்பரையும் உங்கள் கணவர் நம்பரையும் அப்பா தடுத்து வைத்திருக்கிறார். எனக்கு நூலகத்துக்குப் போக மட்டும்தான் அனுமதி, அதுவும் அரை மணி நேரம்.

விஷயம் என் டிஜிட்டல் டைரி. போன வருஷம் தமுக்கம் மைதானப் பொருட்காட்சியில் கட்டுரைப் போட்டிப் பரிசுப் பணத்தில் நான் வாங்கியது. ஒரு ஜோடிச் செருப்பு விலைதான். மூன்று வரித் திரை, ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும், ரப்பர் பட்டன்கள். நீங்கள் அதைப் பார்த்து, “டிவி ரிமோட்டுக்குத் தம்பி பொறந்திருக்கான்” என்று சிரித்தீர்கள். அந்தத் தம்பிதான் ஒரு வருஷமாக இந்த வீட்டை நடத்துகிறான். காலை ஐந்தரைக்கு அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை, ஆறேகாலுக்குக் குடிதண்ணீர், சாயங்காலம் ஐந்துக்கு மொட்டைமாடித் துணி, நாற்பத்துமூன்று போன் நம்பர்கள், என் பரீட்சை அட்டவணை. எல்லாம் அதற்குள் இருந்தன. அதில் என்னைக் கேட்காமல் நீங்கள் ஒன்றை ஏற்றினீர்கள்.

24ஆம் தேதி காலை நீங்கள் ‘கல்லூரிக்குப் போய் சர்டிபிகேட் வாங்கிவருகிறேன்’ என்று எட்டரைக்கே கிளம்பிவிட்டீர்கள். அப்பா கடைக்குப் போகும் முன் கேஸ் ஏஜென்சி நம்பர் தேடி டைரியை எடுத்தார். ஒன்பதேகாலுக்கு அது அவர் கையிலேயே அடித்தது. திரையில், ‘அஸ்வத், ரிஜிஸ்தர் ஆபீஸ், 10.30.’ அப்பா சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத்தான் தெரியும். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

டைரி என்னுடையது. ஆகவே உள்ளே இருந்ததும் என்னுடையது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். “இவளும் கூட்டு” என்றார். அப்பாவுக்கு நிஜமாகக் கோபம் வந்தால் நம் பாஷை வராது, விளக்குத்தூண் ஜவுளிக் கடையில் பேசிப் பழகிய தமிழ்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். “பத்தாவதோட போதும். ஒருத்தி படிச்சுக் கிழிச்சது பத்தாதா? வீட்டுல இருக்கட்டும்.” அவ்வளவுதான். பிளஸ் ஒன் கிடையாது.

டைரியைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் அதை அணைக்கவில்லை. அணைக்க அவருக்குத் தெரியாது, என்னைக் கேட்கவும் மாட்டார். தினமும் பீரோவுக்குள்ளிருந்து மணி அடிக்கிறது. அப்பா இருமுவார். அம்மா எழுந்து மாத்திரை போட்டுக்கொள்வாள். யாரும் பீரோப் பக்கம் திரும்ப மாட்டோம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அதை ஏற்றியது நீங்கள்தான், எனக்குத் தொடர்பில்லை என்று அப்பாவுக்கு ஒரு கடிதம். பத்து வரி போதும். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காவ்யஸ்ரீ


ஒத்தக்கடை,
6.5.2025

மாட்சிமை பொருந்திய காவ்யஸ்ரீ அவர்களுக்கு,

‘நீங்கள்’ என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். உனக்குத் தலை பின்னிவிட்டதும் ஜுரத்தில் கஞ்சி ஊட்டியதும் யாரோ ஒரு மரியாதைக்குரிய பெண்மணி போலிருக்கிறது. இருக்கட்டும்.

24ஆம் தேதி என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லையா? நான் சொல்கிறேன். காலையில் கோயிலில் தாலி கட்டி முடித்து, பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். அஸ்வத்தை ஓர் அறை. கண்ணாடி கீழே விழுந்தது. அதன் மேலேயே அப்பா மிதித்தாரா, தெரியாமல் கால் பட்டதா என்று இன்னும் எங்களுக்குள் தகராறு. அஸ்வத் ஒரு பக்கம் செல்லோடேப் ஒட்டிய கண்ணாடியோடுதான் வேலைக்குப் போகிறான். அதுகூடப் பரவாயில்லை. அங்கே உட்கார்ந்திருந்த கிளார்க்கிடம் அப்பா சொன்னார்: “இவளுக்கு அப்பன் இல்லேன்னு எழுதிக்கங்க சார்.” அந்த ஆள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பாரத்துல அப்படியெல்லாம் காலம் இல்லீங்களே” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் கல்யாணத்தில் நான் கேட்ட சிரிப்பு அதுதான்.

அஸ்வத்தின் அம்மா அகிலாண்டம் மாமி வீட்டிலும் எங்களுக்கு இடமில்லை. “கல்யாணத்தில அப்பன்காரன் வந்து அடிக்கிற குடும்பத்திலயா பொண்ணு எடுத்தே?” என்று அவனைக் கேட்டாராம். மாடியில் ஒற்றை அறை எடுத்திருக்கிறோம். ஆகவே கத்தரிக்காயைப் பொறுக்கி எடுக்க எனக்குப் பொறுமை இல்லை. உன் மேடத்திடம் சொல்.

அப்பாவுக்கு நேரம், இடம், பெயர் மூன்றும் தெரிந்திருந்தது. டைரி அடித்ததாம், அவர் கையிலேயே அடித்ததாம். நல்ல கதை. நான் அதில் எழுதியது உண்மைதான். என் போனைத் தினமும் சாயங்காலம் அப்பா துருவுவார். சின்னப் பிள்ளையின் விளையாட்டுச் சாமானை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்தச் சின்னப் பிள்ளை பார்த்தாள். பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். வேறென்ன?

காட்டிக் கொடுத்தவளுக்கு நான் நற்சான்றிதழ் எழுத வேண்டுமாம்.

உனக்கு வேண்டியதைச் சொன்னாய். எனக்கு வேண்டியதையும் கேள். அதே பீரோவில் என் நீலக் கோப்பு இருக்கிறது. டிகிரி, மார்க் ஷீட் எல்லாம் அதில்தான். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை தருகிறேன் என்கிறார்கள். ஜூன் முதல் வாரத்துக்குள் ஒரிஜினல் காட்ட வேண்டும். முதலில் அது வரட்டும். பிறகு உன் பத்து வரியை யோசிக்கிறேன்.

ஸ்வப்னா


ஆனையூர்,
18.5.2025

ஸ்வப்னாவுக்கு,

‘நீங்கள்’ என்று எழுத எனக்கும் கை வலிக்கிறது. ‘நீ’ என்றே எழுதுகிறேன். இது பாசத்தால் அல்ல, வசதிக்காக.

ரிசல்ட் வந்துவிட்டது. 478. சமூக அறிவியலில் நூறு. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் அக்காவின் போனில்தான் பார்த்தோம். அவர்கள் நம் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, “ஏண்ணே, புள்ள இம்புட்டு மார்க் எடுத்திருக்கு. ஒரு லட்டு இல்லையா?” என்றார்கள். அப்பா பேப்பரை இறக்காமலே சொன்னார்: “லட்டு வாங்கிக் குடுத்து வளத்த கதைதான் ஒத்தக்கடையில குடித்தனம் நடத்துது.” பாண்டியம்மாள் அக்கா தன் வீட்டுக்குப் போய் நாட்டுச் சர்க்கரை ஒரு பிடி எடுத்துவந்து என் வாயில் போட்டார்கள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அம்மா சமையலறையை விட்டு வரவேயில்லை. உன் பெயரை அம்மா இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திட்டியாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

நான் காட்டிக் கொடுக்கவில்லை. டைரி அடித்தது. சத்தியமாக அடித்தது. நான் அப்போது கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அம்மாவைக் கேட்டுப் பார். நீ கேட்க முடியாது என்பதை மறந்துவிட்டேன்.

அஸ்வத் அவர்களின் கண்ணாடிக்கு வருந்துகிறேன். அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

இப்போது தேதி முக்கியம். பள்ளியில் பிரிவு உபசாரத்தன்று தலைமையாசிரியை சொன்னார்: எங்கள் பள்ளி மாணவிகளுக்கு மே 30 மதியம் பன்னிரண்டு மணி வரை இடம் வைத்திருப்பார்கள். பெற்றோர் நேரில் வந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு வெளிப்பள்ளி மாணவிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்னும் பன்னிரண்டு நாள். உயிரியல் பிரிவில் நாற்பது இடம்தான்.

உன் கோப்பு டைரிக்கு அடியில் இருக்கிறது. அப்பா பீரோவைத் திறந்தபோது பார்த்தேன், நீல முனை தெரிந்தது. சாவி அவர் இடுப்பில். நான் எப்படி எடுப்பது? நீ எழுதும் கடிதம் அப்பாவைக் கொஞ்சம் இறக்கினால் அவரே தரலாம். ஆகவே கடிதம்தான் முதலில், கோப்பு பிறகு. வரிசை அப்படித்தான் வரும்.

தமிழ்வாணி மேடம் உன் கடிதத்தைத் தந்தபோது, “ஏம்மா, நான் நூலகம் நடத்துறனா, போஸ்ட் ஆபீஸ் நடத்துறனா? ஒரு பஸ் ஏறுனா முடிஞ்சுச்சு, அதுக்கு எம்புட்டுக் காயிதம்!” என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. உன் கடிதத்தில் டீ கறையும் இருந்தது.

காவ்யஸ்ரீ


ஒத்தக்கடை,
21.5.2025

காவ்யா,

478க்கு வாழ்த்து. சமூக அறிவியலில் நூறு எடுத்தவளுக்குப் பொய் சொல்ல மட்டும் வரவில்லை.

சரி, டைரி அடித்தது என்றே வைத்துக்கொள்வோம். நீ சொன்னதை நம்பி இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் பிளவுஸ் வாங்க வேண்டிய தேதியை அதே டைரியில் ஏற்றினேன். அடிக்கவில்லை. கனகா டெய்லர் கடை பூட்டியிருந்தது, பழைய பிளவுஸோடு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனேன். மார்ச்சில் பேங்க் பரீட்சைக் கடைசித் தேதியை ஏற்றினேன். அதுவும் அடிக்கவில்லை, தேதி போய்விட்டது. உன்னிடம் வந்து கத்தினேன். அப்போது நீ மூக்கைத் தூக்கிக்கொண்டு என்ன சொன்னாய்? “தேதியை ஏத்துனா மட்டும் போதாது. மணிப் படம் போட்ட பட்டனை அமுக்கி, நேரத்தைத் தனியா வைக்கணும். இல்லேன்னா அது சும்மா எழுதி வச்ச காகிதம் மாதிரிதான்.” எந்தப் பட்டன் என்று காட்டவும் செய்தாய். நான் பார்க்கவில்லை, அஸ்வத்துக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நான் எழுதியது பத்தரை. அது அடித்தது ஒன்பதேகாலுக்கு. அந்த ஒன்றேகால் மணி நேரத்தை யார் கழித்தது? மணியை நான் வைக்கவில்லை. எனக்கு வைக்கத் தெரியாது. அந்த வீட்டில் தெரிந்தவள் ஒருத்திதான்.

‘எனக்குத் தொடர்பில்லை’ என்று அப்பாவுக்கு நான் எழுத வேண்டுமாம்!

என்னைப் பிடித்துக் கொடுக்க வேண்டுமென்றால் வாயால் சொல்லியிருக்கலாமே. மிஷினை ஏன் ஏவினாய்? அப்பா கையில் அடிக்கிற மாதிரி நேரம் பார்த்து வைத்தாயா? அவர் கடைக்குக் கிளம்புகிற நேரம் உனக்குத் தெரியாதா? இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன். முப்பதாம் தேதி வரட்டும், போகட்டும்.

ஸ்வப்னா


ஆனையூர்,
24.5.2025

ஸ்வப்னாவுக்கு,

மணியை நான்தான் வைத்தேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த இரண்டு வாரத்துக்கு டைரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். ஏப்ரல் 20 அன்று உன் வரியைப் பார்த்தேன். அஸ்வத் யார் என்று எனக்கு ஜனவரியிலேயே தெரியும். நீ மொட்டைமாடியில் துணி எடுக்க நாற்பது நிமிஷம் ஆக்கினாய். நம் வீட்டில் அவ்வளவு துணி இல்லை.

நான்கு நாள் எனக்குத் தெரிந்திருந்தது. அப்பாவிடம் சொன்னால் நீ வீட்டிலேயே இருப்பாய், ஆனால் ஆயுளுக்கும் என்னிடம் பேச மாட்டாய். உன்னிடம் கேட்டால் பொய் சொல்வாய், நான் நம்புவது போல நடிக்க வேண்டும். ஆகவே ஒன்றும் சொல்லவில்லை. நீயாகச் சொல்வாய் என்று புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். நீ, “என் ஊதாத் தாவணிப் பின் எங்கடி?” என்று மட்டும் கேட்டாய். என் டைரிக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவில்லை. என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதை நீ எந்தக் கடிதத்திலும் கேட்கவேயில்லை.

ஏன் மணி வைத்தேன் என்றால், நீ எப்போதும் தாமதம். கல்லூரிக் கடைசிப் பரீட்சைக்கே இருபது நிமிஷம் தாமதம். பேங்க் பரீட்சை உன்னால் போனது, டைரியால் அல்ல. ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். பத்தரைக்கு அங்கே இருக்க ஒன்பதேகாலுக்காவது கிளம்ப வேண்டும். காலையில் டைரி எப்போதும் உன் பக்கத்தில்தான் கிடக்கும், என்னைக் கேட்காமல் கால்குலேட்டருக்கு எடுத்திருப்பாய். அடித்தால் உன் காதில்தான் விழும் என்று நினைத்தேன். யாரோ ஒருவர் உனக்காகக் காத்திருந்து, நேரமாகிவிட்டதென்று போய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

நீ எட்டரைக்கே கிளம்பினாய். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நேரத்துக்கு முன்னால் கிளம்பினாய். அது என் கணக்கில் இல்லை.

அவ்வளவுதான். இதை அப்பாவிடம் சொன்னால் எனக்குத் தெரிந்திருந்தது என்று ஆகிவிடும். அவர் நினைத்ததும் சரி என்று ஆகிவிடும். பிறகு பள்ளிக்கூடம் இல்லை. ஆகவேதான் உன்னிடமும் மறைத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ முதலில் கேள்.

இன்னும் ஆறு நாள்.

காவ்யஸ்ரீ


ஒத்தக்கடை,
27.5.2025

காவ்யா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கோபம்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு கோபம்.

அஸ்வத்திடம் படித்துக் காட்டினேன். செல்லோடேப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அன்னைக்கு நீ முன்னாடியே வந்து நின்னப்ப நான்தான் அரை மணி நேரம் லேட்டு. உன் தங்கச்சி எனக்கு வச்சிருக்கணும்” என்றான். சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இதோடு இன்னொரு காகிதம் இருக்கிறது. அப்பாவுக்கு. ஒட்டவில்லை, நீ படித்துவிட்டுக் கொடு. ஏற்றியது நான் என்று எழுதியிருக்கிறேன். கடைசி வரியில் மணி வைத்தது நீ என்பதையும், ஏன் வைத்தாய் என்பதையும் எழுதியிருக்கிறேன். அந்த வரியை எடுத்துவிடு என்று கேட்காதே. பாதியை மறைத்து அப்பா பிறகு கண்டுபிடித்தால் ஆயுசுக்கும் என் ஒரு சொல்லையும் நம்ப மாட்டார். நீயும் கூட்டுக் கள்ளி ஆகிவிடுவாய். முழுதாகக் கொடு, இல்லை கிழித்துப் போடு. உன் பள்ளிக்கூடம், உன் முடிவு.

மன்னிப்பா? கேட்கிற மாதிரி நான் ஒன்றும் செய்யவில்லை. சொல்லாமல் போனதற்கு மட்டும்... அதை அப்புறம் பார்க்கலாம்.

கோப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜூன் 4 வரைதான் பொறுப்பார்களாம்.

ஸ்வப்னா


ஆனையூர்,
31.5.2025

ஸ்வப்னாவுக்கு,

நீ அப்பாவுக்கு எழுதியதை நான் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. மூன்று நாள் அதை நூலகப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். கடைசி வரி நல்ல வரிதான். ‘அவள் என்னைப் பிடித்துக் கொடுக்கவில்லை, என் தாமதத்தைத் தெரிந்தவள், அவ்வளவுதான்’ என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு அப்பாவிடம் நீட்ட எனக்குப் பயமாக இருந்தது. நான் தைரியசாலி என்று இதுவரை நினைத்திருந்தேன்.

நேற்று முப்பதாம் தேதி. பல் விளக்கும்போதே நினைத்துக்கொண்டேன், பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும், பிறகு பயப்பட ஒன்றும் இருக்காது என்று.

ஒன்பது மணிக்குப் பீரோவுக்குள் மணி அடித்தது.

தினமும் அடிக்கிற மணி வேறு, தேதி போட்டு வைத்ததற்கு அடிக்கிற மணி வேறு. தினசரி மணி ‘பீப், பீப்’ என்று நிதானமாக வரும். இது விடாமல் படபடவென்று அடிக்கும். ஏப்ரல் 24ஆம் தேதிக்குப் பிறகு அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்கவேயில்லை. சட்டைக்குக் கை நுழைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நீ இன்னும் ஏதோ உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்தார் போலிருக்கிறது. இரண்டாவது தடவைதான் சாவி துவாரத்தில் நுழைந்தது.

எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். “காவ்யா பிளஸ் ஒன் பாரம். அப்பா சைன். பன்னண்டு மணி.”

ஏப்ரலில், பிரிவு உபசாரம் முடிந்த அன்றே, நான் ஏற்றி மணியும் வைத்தது. டைரி பீரோவுக்குள் போன பிறகு அதையே மறந்துவிட்டேன். நம்ப மாட்டாய், நான் மறந்துவிட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். “இதை யாரு போட்டது?”

“நான்தாம்ப்பா.”

“மணி?”

“நான்தான்.”

அடுத்து அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “அன்னைக்கு அடிச்சுச்சே, அது?”

அந்த இடத்தில் ‘தெரியாது’ என்று சொன்னால் போதும். அவர் கை சட்டைப் பொத்தானுக்குப் போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் நேராகக் கேட்டார். இந்த ஐந்து வாரத்தில் என்னை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான். “எழுதுனது அவ. மணி வச்சது நான். நாலு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். அவ லேட்டாயிருவான்னு வச்சேன்” என்றேன்.

அப்பா டைரியைத் திருப்பினார். நகத்தால் பின்மூடியை நெம்பி இரண்டு பேட்டரியையும் தட்டி எடுத்தார். “ரெண்டையும் ஒண்ணா எடுத்தா எல்லாம் அழிஞ்சுரும்ப்பா” என்று கத்தினேன். பின்னாலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஒவ்வொன்றாக மாற்று என்று. “அழியட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பொட்டியை வச்சு என்னைய ஏமாத்தியிருக்கீங்க. எனக்குப் பொண்ணுங்களே இல்ல” என்று சொல்லிவிட்டு அதைக் கட்டிலில் எறிந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது. அம்மாவும் தமிழிலேயே பேசினாள். அம்மா தமிழில் சண்டை போட்டு நான் கேட்டதில்லை.

“அழிச்சுட்டீங்களா?”

அப்பா கழற்றிய சட்டையை மடியில் போட்டுக்கொண்டார்.

“காலையில அஞ்சரைக்கு என் மாத்திரைய இனிமே நீங்க எழுந்து சொல்வீங்களா? தண்ணிக்கு நீங்க எழுந்திருப்பீங்களா? இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு சத்தம் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுவும் பீரோக்குள்ள இருந்துதான் அடிச்சுச்சு. அதையும் புடுங்கியாச்சு.”

“சீதா, நீ சும்மா இரு.”

“அஞ்சு வாரமா சும்மாத்தான இருந்தேன்? ஸ்வப்னா போனப்பவும் சும்மா இருந்தேன். நான் கேட்டிருந்தா என்கிட்ட சொல்லிருப்பா. கேக்கல. போதும்.”

உன் பெயரைச் சொல்லிவிட்டாள். ‘அவள்’ என்றோ ‘பெரியவள்’ என்றோ சொல்லவில்லை. அப்பா தலையைத் தூக்கினார்.

அம்மா கரண்டியை அவர் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். திறந்திருந்த பீரோவிலிருந்து வெளியே போகிற புடவையை எடுத்தாள். டைரி இருந்த இடத்தில் கிடந்த உன் நீலக் கோப்பையும் எடுத்து என் கையில் திணித்தாள். “பாரத்துல அம்மா கையெழுத்துப் போட்டாச் செல்லுமாடி?” என்றாள். படிவத்தில் ‘தந்தை / தாய் / பாதுகாவலர்’ என்றுதான் இருக்கிறது. அதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஆனால் ஒரு நாளும் நடுவில் இருக்கிற சொல் என் கண்ணில் படவில்லை. எனக்கே என்மேல் கோபம் வந்தது. அம்மாவை நாம் இரண்டு பேரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மாத்திரை நேரமாக மட்டும் சேர்த்திருந்தோம்.

“இந்தப் படி தாண்டினா...” என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா செருப்பு மாட்டிக்கொண்டே, “குழம்பு அடுப்புல இருக்கு. அணைச்சுருங்க” என்றாள்.

பஸ்ஸில் போனோம். பள்ளிக்கூடத்து வரிசையில் எங்கள் முறை வரப் பதினொன்று நாற்பது ஆகிவிட்டது. சீதாலட்சுமி என்று தமிழில், ரேஷன் கடையில் போடுவது போல, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ‘ட்’டுக்குப் புள்ளி வைக்க மறந்து, திரும்ப வந்து வைத்தாள். எனக்கு உயிரியல் பிரிவு கிடைத்துவிட்டது. முப்பத்தெட்டாவது இடம்.

வீட்டுக்கு வந்தபோது குழம்பு தீய்ந்திருந்தது, அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது. அப்பா கடைக்குப் போயிருந்தார். நேற்றிலிருந்து எங்கள் இரண்டு பேரிடமும் பேசவில்லை. இப்போது உன் கட்சியில் மூன்று பேர் ஆகிவிட்டோம். அதற்காகப் பெருமைப்படாதே, எங்களை நீ கேட்டுச் சேர்க்கவில்லை.

கோப்பு தமிழ்வாணி மேடம் கையில் வருகிறது. எண்ணிச் சரிபார். அப்பாவுக்கு நீ எழுதியதும் அதற்குள் இருக்கிறது. அதைக் கொடுப்பதா, வைத்திருப்பதா என்பது இனி உன் வேலை.

டைரியில் மறுபடி பேட்டரி போட்டேன். காலி. தேதிகூட இல்லை. உன் பத்தரையும் என் ஒன்பதேகாலும் போய்விட்டன. நம் தகராறுக்கு இனி ஒரு சாட்சியும் இல்லை. முதலில் அம்மாவின் ஐந்தரையை ஏற்றினேன். பிறகு நம்பர்கள். நாற்பத்துமூன்றில் நாற்பத்தொன்று ஞாபகத்தில் இருந்தன. உன்னுடையது ஞாபகத்தில் இருந்தது, ஆனால் நான் ஏற்றவில்லை. எஸ் வரிசையில் சுந்தரம்மாள் டீச்சருக்கு அப்புறம் நேராக டெய்லர் வந்துவிடுகிறது. அது அப்படியே இருக்கட்டும்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

காவ்யஸ்ரீ


ஒத்தக்கடை,
3.6.2025

காவ்யா,

கோப்பு வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. நாளை எட்டரைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். எட்டுக்கே போய்விடுவேன். நம்பாவிட்டால் போ.

அப்பாவுக்கு எழுதியதை நானே தபாலில் போட்டுவிட்டேன். கடைசி வரியோடு. பிரித்தால் பிரிக்கட்டும், பிரிக்காவிட்டால் கடைப் பையில் கிடக்கட்டும். அம்மாவுக்குத் தனியாக எழுதத் தெரியவில்லை. மூன்று காகிதம் கிழித்தேன். என்னைப் பற்றி ஒன்று கேட்டாலும் எனக்குச் சொல். கேட்காவிட்டாலும் சொல்.

சொல்லாமல் போனது தப்பு. உன்னிடம் மட்டும். இதை இரண்டாவது தடவை எழுத வைக்காதே.

பழைய நம்பரை அப்பா தடுத்ததால் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்தக் காகிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. சுந்தரம்மாள் டீச்சருக்கு அப்புறம், டெய்லருக்கு முன்னால். ஏற்றினால் ஏற்று, இல்லாவிட்டால் விடு. மணி மட்டும் வைக்காதே.

ஸ்வப்னா